கம்பலையும் அரவமும்: உரியியல் நூற்பா ஒன்றின் பொருள்நிலை

ஆய்வுச்சுருக்கம்

கம்பலை, சும்மை, கலி, அழுங்கல் ஆகிய நான்கும் அரவப் பொருளன எனத் தொல்காப்பிய உரியியல் கூறுகிறது. ‘அரவம்’ என்பதற்கு ‘ஒலி’ என்று பொருள்கொண்டு, நான்கையும் ஒருபொருட் பன்மொழிகளாகக் காண்பதே பெரும்பான்மையான அகராதிகளின் நிலை. அரவம் ஒலியின் பொதுப்பெயரன்று. பலவிடத்துப் பிறந்து ஒன்றாய்க் கலந்த ஒலி, சிறப்பாக மாந்தர் கூடிவாழும் ஊரின் ஒலி, தொல்காப்பியர் கருதிய அரவம் என்பதை இக்கட்டுரை சங்கச் செய்யுள் வழக்கைக்கொண்டு நிறுவ முயல்கிறது. நன்னூலின் ஓசைப்பட்டியலில் இவ்வேறுபாடு மறைந்த முறையும், இன்றைய வழக்கில் அதன் எச்சமும் ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: கம்பலை, அரவம், அழுங்கல், உரியியல், நன்னூல், மதுரைக்காஞ்சி

முன்னுரை

‘கம்பலை’ இன்று எவர் வாயிலும் வழங்காத சொல். பேச்சிலும் இல்லை, செய்தித்தாளிலும் இல்லை. சங்கப் பாடல்களுக்கு உரை எழுதுவோர் அதனைச் சந்திக்கும்போது ‘ஆரவாரம்’ என்று எழுதிவிட்டு அடுத்த சொல்லுக்குச் செல்கின்றனர். ‘ஆரவாரம்’ பிழையான பொருளன்று. ஆயினும் சும்மைக்கும் ஆரவாரம், கலிக்கும் ஆரவாரம், அழுங்கலுக்கும் ஆரவாரம், ஆர்ப்புக்கும் ஆரவாரம் என்று எழுதும்போது, ஐந்து சொற்களை ஆண்ட புலவர்கள் ஒரே சொல்லை ஐந்துமுறை ஆண்டவர்களாகிவிடுகின்றனர்.

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி (1924-1936) உள்ளிட்ட அகராதிகள் கம்பலைக்கு ஒலி என்னும் பொருளோடு சச்சரவு, நடுக்கம், துன்பம் முதலான பொருள்களையும் தருகின்றன. நடுக்கப்பொருள் ‘கம்பம்’, ‘கம்பித்தல்’ என்னும் வடசொற்களின் ஒலிநெருக்கத்தால் பின்னர் வந்து ஒட்டியதாகலாம். இங்கு எடுத்துக்கொள்ளப்படும் சங்கச் செய்யுளிடங்களில் கம்பலைக்கு நடுக்கப்பொருள் பொருந்தவில்லை. சொல்லின் முதற்பொருளைத் தெளிவாகக் காண உரியியலுக்கே திரும்ப வேண்டும்.

இசையும் அரவமும்

உரிச்சொல் இசை, குறிப்பு, பண்பு என்னும் மூன்றன் அடியாகத் தோன்றும் என்று உரியியல் தொடங்குகிறது. வெளிப்படையாகப் பொருள் விளங்கும் சொற்களைச் சொல்ல வேண்டியதில்லை, வெளிப்பட வாராத சொற்களே இங்குச் சொல்லப்படுவன என்னும் வரையறையும் அங்கு உண்டு. இவ்வரையறையை ஏற்றால், தொல்காப்பியர் காலத்திலேயே கம்பலை எல்லார்க்கும் விளங்கிய சொல்லாக இருக்கவில்லை என்றாகிறது. அரவம் விளங்கிய சொல். கம்பலை விளங்காத சொல். அறிந்த சொல்லால் அறியாத சொல்லை விளக்குவது அவர் முறை. இன்றைய மாணவர் ஒருவருக்கு இந்நூற்பாவைக் கற்பித்தால், அரவம் என்றவுடன் அவர் நினைவுக்கு முதலில் வருவது பாம்பு. விளக்கவந்த சொல்லே விளக்கம் வேண்டும் சொல்லாகிவிட்டது.

உரியியலில் ஒலிபற்றிய நூற்பா இது ஒன்றுமட்டுமன்று. துவைத்தல், சிலைத்தல், இயம்பல், இரங்கல் என்னும் நான்கையும் ஒருங்கு வைத்து, அவை இசைப்பொருளைத் தரும் சொற்கள் என்கிறது மற்றொரு நூற்பா. ஒலியைக் குறிக்கும் எட்டுச் சொற்களையும் ஒரே நூற்பாவில் அடக்கியிருக்கலாம். சொற்சுருக்கத்தில் பெருங்கவனமுடைய ஆசிரியர் அவ்வாறு செய்யாமல் நான்கை ‘இசை’ என்றும், நான்கை ‘அரவம்’ என்றும் பிரித்தது காரணமின்றி நிகழ்ந்திராது.

சொல்லமைப்பிலேயே ஒரு வேறுபாடு தெரிகிறது. இசைப்பொருட் சொற்கள் நான்கும் தொழிற்பெயர்கள். தொழில் இருந்தால் அதனைச் செய்யும் கருத்தா இருக்க வேண்டும். முரசு இயம்பும், முரசு இரங்கும், கடலும் இரங்கும். இன்னது ஒலித்தது என்று கைசுட்டிச் சொல்லக்கூடிய ஒலிகள் இவை. அரவப்பொருட் சொற்களுள் கம்பலையும் சும்மையும் பெயர்களாகவே நிற்கின்றன. கம்பலை என்னும் ஒலியை எழுப்பிய ஒன்றைத் தனியே சுட்ட இயலாது. கம்பலை இருக்கிறது, அல்லது எழுகிறது. கலி ‘கலித்தல்’ என வினையாகவும் வழங்குவது, அழுங்கல் தொழிற்பெயர் வடிவிலேயே நிற்பது ஆகிய இரண்டும் இவ்வேறுபாட்டைச் சற்றுத் தளர்த்துகின்றன. இலக்கண வடிவம் மட்டுமே சான்றாகாது. செய்யுள் வழக்கையே அதிகம் நம்ப வேண்டியுள்ளது.

இரு நூற்பாக்களுக்கும் பொதுவான ஓர் இயல்பும் உண்டு. ஒவ்வொரு தொகுதியிலும் இறுதியில் நிற்கும் சொல்லுக்கு மட்டும் ஆசிரியர் வேறு பொருளும் கூறுகிறார். இசைத் தொகுதியின் இரங்கல் கழிந்துபோன பொருளைப் பற்றிய வருத்தத்தையும் குறிக்கும். அரவத் தொகுதியின் அழுங்கல் இரக்கத்தையும் கேட்டையும் குறிக்கும். ஒலியைக் குறிக்கும் சொல் துயரத்தையும் குறிப்பது இரு தொகுதியிலும் நிகழ்கிறது. அழுங்கலைப் பற்றிப் பேசுமிடத்து இது மீண்டும் தேவைப்படும்.

நன்னூலின் 22 சொற்கள்

13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், ஓசையைக் குறிக்கும் 22 உரிச்சொற்களை ஒரே நூற்பாவில் அடுக்குகிறது. முழக்கு, இரட்டு, ஒலி, கலி, இசை, துவை, பிளிறு, இரை, இரக்கு, அழுங்கு, இயம்பல், இமிழ், குளிறு, அதிர், குரை, கனை, சிலை, சும்மை, கௌவை, கம்பலை, அரவம், ஆர்ப்பு என்பன அவை. மனப்பாடம் செய்வதற்கு ஏற்ற நூற்பா. மாணவர்க்குப் பயன்பட்ட நூற்பாவும்கூட. ஆனால் தொல்காப்பியத்தில் இரு தொகுதிகளின் தலைப்பாக நின்ற இசையும் அரவமும் இங்குப் பட்டியலின் நடுவே உறுப்புகளாக வந்துவிட்டன. வகைப்பெயர், வகைப்படும் பெயரோடு ஒரே வரிசையில் அமர்ந்தது. தலைப்பு ‘ஓசை’ என்னும் பொதுச்சொல் ஆயிற்று. பிற்கால அகராதிகள் கம்பலைக்கு ஒலி என்று ஒருசொற்பொருள் தருவது இந்த மரபின் தொடர்ச்சியாகும்.

இந்த 22 சொற்களும் இன்று அடைந்துள்ள நிலையை நோக்குவது பயனுடையது. சங்கப் பாடல்களில் கடலுக்கும் அடையாக வந்த ‘குரை’ இன்று நாய்க்கு மட்டும் உரியது. பிளிறு யானைக்கு உரியது. கனை குதிரைக்கும், தொண்டையைச் செருமிக்கொள்ளும் மனிதருக்கும் உரியது. துவைத்தல் ஆற்றங்கரைக்கும் வீட்டுக் கிணற்றடிக்கும் சென்று துணிக்குரிய வினையாயிற்று. சிலை என்றால் இன்று எவருக்கும் ஒலி நினைவுக்கு வராது. இயம்பல் பேசுதலின் மிடுக்கான வடிவமாக மேடையில் உள்ளது. அதிர் ‘அதிர்ச்சி’யாக மனத்துள் புகுந்தது, ஆர்ப்பு ‘ஆர்ப்பாட்டம்’ ஆகித் தெருவுக்கு வந்தது, இசை ஒரு கலையின் பெயராயிற்று.

இவற்றுள் ஒரு போக்கு தென்படுகிறது. ஒலியைக் குறித்தே பிழைத்திருக்கும் சொற்களுள் பல, ஏதேனும் ஓர் உயிரைச் சார்ந்து குறுகியே பிழைத்துள்ளன. இன்னார் குரல் என்று சொல்ல இயலாத ஒலிகளைக் குறித்த கம்பலையும் சும்மையும் கௌவையும் சார்ந்து நிற்க இடமின்றி வழக்கொழிந்தன. இதனை விதியாகக் கொள்ள இயலாது. இரட்டு, இமிழ், குளிறு ஆகியனவும் வழக்கிழந்தவையே. முரசும் மணியும் இருக்கையில் அவற்றுக்குரிய இரட்டல் ஏன் மறைய வேண்டும் என்னும் வினா எஞ்சுகிறது.

மதுரைக்காஞ்சியின் மூன்று கம்பலைகள்

கம்பலையின் பொருளைத் துலக்கமாகக் காட்டும் நூல் மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சி. பத்துப்பாட்டுள் மிக நீண்டதாகிய இப்பாட்டு 782 அடிகளில் பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு நிலையாமையை உணர்த்த வந்தது. ஆனால் அதன் பெரும்பகுதி நிலைத்து இயங்கும் நகரைப் பற்றியது. பகலில் தொடங்கி, மாலை, இரவின் யாமங்கள், விடியல் எனப் பொழுது நகர நகர, நகரின் ஒலியும் மாறிக்கொண்டே செல்கிறது. கண்ணுக்கு நிகராகச் செவிக்கும் இடம் தந்த பாட்டு அது.

கம்பலை அதில் குறைந்தது மூன்று இடங்களில், மூன்றும் உவமையோடு, வருகிறது. முதலாவது நாளங்காடி. முகில் முகந்தாலும் குறையாத, ஆறு புகுந்தாலும் மிகாத கடல்போல, கொள்வோர் கொள்ளக் குறையாமலும் தருவோர் தர மிகாமலும் கிடக்கிறது கடைத்தெருவின் பண்டம். அங்கு எழும் ஒலிக்கு, ஏழாம் நாள் அந்தியில் திருவிழாவுக்குத் திரண்ட நாட்டின் ஆர்ப்பு உவமையாகிறது. இரண்டாவது, கம்மியர் நிற்கும் தெருக்களுக்கும் உணவு விற்கும் இடங்களுக்கும் நடுவிலான பகுதி. அங்கு உவமையாக வருவது சேரனின் பெருநாள் இருக்கையில் குழுமிய அறிஞர்கள் தம்முள் விரும்பிப் பேசும் கம்பலை. மூன்றாவது அல்லங்காடி. நள்ளிரவில் கடலோதம் கழிக்குள் பாய்ந்து மீளும்போது பல்வேறு பறவைகள் எழுப்பும் ஓசை அதற்கு உவமை.

மூன்று உவமைகளும் வெவ்வேறு உலகத்தைச் சேர்ந்தவை. ஒன்றில் திருவிழாக் கூட்டம், ஒன்றில் கற்றோர் அவை, ஒன்றில் கழிப்பறவைகள். ஒலியின் அளவு மூன்றிலும் ஒத்திராது. கற்றோர் அவையின் பேச்சும் ஊர்த்திருவிழாவின் ஆர்ப்பும் ஒரே உரப்பில் இருப்பதாக எந்தப் புலவரும் கருதார். ஆகவே கம்பலையைப் ‘பேரொலி’ என்று விளக்குவது பொருந்தாது. மூன்றுக்கும் பொதுவானது பன்மை. பலர் ஒரே நேரத்தில் ஒலிக்கின்றனர். எவர் குரலும் தனித்துக் கேட்கவில்லை. ஆனாலும் கேட்பவர் அதனை ஒன்றாகவே கேட்கிறார். மூன்றாம் உவமையின் சொல்லாட்சி இதற்கு நேர்ச்சான்று. பறவைகளிடமிருந்து எழுவதனைப் புலவர் ‘இசை’ என்கிறார். அங்காடியிலிருந்து எழுவதனைக் ‘கம்பலை’ என்கிறார். பல்வேறு இசைகள் கூடியபோது கம்பலை ஆயிற்று என்று கொண்டால், உரியியல் இசையையும் அரவத்தையும் பிரித்துவைத்த காரணம் விளங்கும்.

கற்றோர் அவையின் உவமை மற்றொரு வகையிலும் நோக்கத்தக்கது. இன்று கூச்சல், இரைச்சல், அமளி, ரகளை, கலாட்டா என்று கூட்டொலியைக் குறிக்கும் சொற்கள் பெரும்பாலும் குறைகூறும் சொற்கள். சட்டப்பேரவையில் அமளி என்று எழுதும் செய்தித்தாள், அமளியில் ஈடுபட்டவரைப் பாராட்டுவதற்காக அச்சொல்லை எழுதுவதில்லை. மருதனாரின் கம்பலையில் இக்குறைகூறல் இல்லை. அது விருப்பத்தோடு கேட்கப்படும் ஒலி. இன்றைய சொற்களுள் ‘கலகலப்பு’ ஒன்றே அதற்கு அருகில் நிற்கிறது. ஆனால் கலகலப்பு ஒரு வீட்டுக்கும் நண்பர் குழுவுக்கும் போதுமானது, ஒரு நகரைத் தாங்காது.

புறநானூற்றின் 54ஆம் பாடலில் கோனாட்டு எறிச்சலூர் மாடலன் மதுரைக்குமரனார், சேரமான் குட்டுவன் கோதையின் ஊரைக் ‘கம்பலை மூதூர்’ என்கிறார். அவ்வூருக்குள் தடையின்றிச் சென்று, உரிமையுடையார்போலத் தலைநிமிர்ந்து அரசவையில் புகுதல் இரவலர்க்கு எளிது. பகைகொண்டு வரும் வேந்தர்க்கோ, சிறுமந்தையை உடைய இடையன் நெருங்க அஞ்சும், புலி துஞ்சும் புலம் போன்றது அந்நாடு. கம்பலையை வெறும் வளப்பத்தின் அடையாளமாகக் கொண்டாலும் பாடல் பொருள்தரும். ஆயினும் பலரும் வந்து கலந்திருக்கும் ஊரில்தான் இரவலன் எவராலும் நிறுத்தப்படாமல் நுழைய முடியும் என்பது கம்பலை என்னும் சொல்லால் முன்கூட்டியே உணர்த்தப்படுகிறது. எதிரில் நிற்கும் உவமையில் புலி உறங்குகிறது. அங்கு ஒலியே இல்லை. வரவேற்பு கம்பலையிலும் அச்சம் அமைதியிலும் வைக்கப்பட்டுள்ளன.

பாழூரின் ஒலி

கம்பலை நீங்கிய ஊர் எவ்வாறு ஒலிக்கும்? கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பட்டினப்பாலையில், கரிகாலன் அழித்த பகைவரின் ஊர்கள் வருணிக்கப்படுகின்றன. பெருவிழாக்கள் நிகழ்ந்த மன்றத்தில் நெருஞ்சியும் அறுகும் மண்டியுள்ளன. நரி ஊளையிடுகிறது. கூகை அழுகுரலில் கூவ, ஆண்டலைப் பறவை அழைக்கிறது. எயினர் துடியோடு வந்து கொள்ளையிட்டுச் சென்ற வெறுங்கூட்டினுள் அமர்ந்து கூகை நண்பகலிலும் குழறுகிறது.

பாழூர் ஒலியற்ற ஊராகக் காட்டப்படவில்லை என்பதே இங்குக் குறிக்கத்தக்கது. அங்கு ஒலிகள் உள்ளன. ஆனால் ஒவ்வொன்றும் தனித்துக் கேட்கிறது. இது நரி, இது கூகை, இது ஆண்டலை என்று பிரித்தறிய முடிகிறது. வாழும் ஊரில் கூகை கூவினாலும் நண்பகலில் அது கேட்காது. அழிவின் ஒலி பிரிந்த ஒலி. இவ்வருணனையில் கம்பலை என்னும் சொல்லுக்கு இடமேயில்லை.

அமைதி எல்லாமே அழிவன்று என்பதனையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மதுரைக்காஞ்சியின் நள்ளிரவு நகரம் ஒலி அடங்கிய கடலுக்கு ஒப்பாகிறது. மக்கள் இனிது உறங்குகின்றனர். பின்னர் விடியலில் அந்தணர் மறை ஓத, யாழோர் மருதப்பண் அமைக்க, பாகர் களிற்றுக்குக் கவளம் ஊட்ட, குதிரைகள் புல் மெல்ல, கடைகள் மெழுகப்பட, ஒலிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடங்குகின்றன. அவையும் பட்டினப்பாலையின் பாழொலிகளைப் போலத் தனித்தனியே எண்ணப்படுகின்றன என்பது உண்மையே. ஆனால் இவை கூடப்போகும் ஒலிகள். பொழுது ஏறினால் நாளங்காடியில் கலந்துவிடும். பாழூரின் ஒலிகளுக்கு அவ்வாறு கலக்கும் இடம் இல்லை. மலைபடுகடாத்தில் மலையின் பல ஒலிகளைக் கூத்தருக்கு எடுத்துரைக்கும் பகுதியை இதனோடு ஒப்பிட்டு விரிவாக ஆராயலாம். அங்கு முள்ளம்பன்றியால் புண்பட்ட கானவரின் அழுகையும், புலி பாய்ந்த கணவரின் புண் ஆறக் கொடிச்சியர் பாடும் பாட்டும் அருகருகே வைக்கப்பட்டுள்ளன. யானையின் மதம்போல மலையில் தோன்றும் ஒலி என்னும் பொருளில் பாட்டின் பெயரே அவ்வொலித்தொகையிலிருந்து வந்தது.

அழுங்கல் ஊர்

நூற்பாவின் நான்கு சொற்களுள் மிகவும் சிக்கலானது அழுங்கல். அரவம், இரக்கம், கேடு என மூன்று பொருள்கள் தொல்காப்பியராலேயே சொல்லப்பட்டவை. தலைவன் பிரிவை நிறுத்தித் தயங்குவதனைச் ‘செலவழுங்கல்’ என்பது அகமரபு. அங்கு அச்சொல் தவிர்தலைக் குறிக்கிறது. ஒலியையும் ஒடுங்குதலையும் ஒரே சொல் குறிப்பதை உரையாசிரியர்கள் இடம்நோக்கித் தீர்க்கின்றனர்.

அகநானூற்றின் 70ஆம் பாடல் இதற்குத் தெளிவான இடம். மதுரைத் தமிழ்க்கூத்தனார் கடுவன் மள்ளனார் பாடிய அதில், தலைவியின் களவைப் பற்றி ஊர் அலர் தூற்றியது. வரைவு உறுதிப்பட்டதும் ஊர் அடங்கியது. பாண்டியரின் பழைய கோடிக்கரையில், அரிய ஆலோசனைக்காக இராமன் ஒலியடங்கச்செய்த பல விழுதுகளையுடைய ஆலமரத்தைப்போல இந்த அழுங்கல் ஊர் ஒலி அவிந்தது என்கிறாள் தோழி. இங்கு அழுங்கல் அரவப்பொருளிலேயே நிற்கிறது. இரக்கமோ கேடோ பொருந்தாது. ஆல் என்றவுடன் அதில் அடைந்த பறவைகள் நினைவுக்கு வருகின்றன. மதுரைக்காஞ்சியில் அல்லங்காடிக்கு உவமையான பறவைக்கூட்டமே இங்கு அலர் தூற்றும் ஊருக்கும் உவமையாயிற்று. பொருள் மட்டும் தலைகீழ். அங்கு அக்கூட்டொலி நகரின் பெருமை. இங்கு ஒரு பெண்ணின் துன்பம்.

இவ்விரு இடங்களையும் சேர்த்து வைத்தால், அரவச் சொற்களுக்கு அகமும் புறமும் தரும் மதிப்பு வேறாவது புலனாகும். புறத்தில் ஊரின் ஒலி அரசனின் வளத்தைச் சொல்வது. அகத்தில் அதே ஒலி அலராகி ஒருத்தியின்மேல் விழுகிறது. இரண்டிலும் ஒலிப்பவர் எவரெனச் சுட்ட இயலாது என்னும் இயல்பு மாறுவதில்லை. அலரின் கொடுமையே அதில்தான் இருக்கிறது. இன்னார் சொன்னார் என்று தெரிந்தால் மறுமொழி கூறலாம். ஊர் சொன்னால் எவரிடம் கூறுவது? நன்னூல் பட்டியலில் கம்பலைக்கு முன்னால் நிற்கும் கௌவையும் இவ்வாறே ஆரவாரத்தையும் அலரையும் ஒருங்கே குறிக்கும் சொல். திருக்குறள் 1147ஆம் பாடலில் ஊரவரின் கௌவை எருவாகவும் அன்னையின் சொல் நீராகவும் காமநோய் வளர்கிறது. அன்னைக்குச் ‘சொல்’, ஊருக்குக் ‘கௌவை’ என்று வள்ளுவர் பிரித்தது இங்குக் கருதத்தக்கது. ஒருவர் பேசினால் சொல். ஊர் பேசினால் கௌவை.

குறுந்தொகையின் 12ஆம் பாடல் இன்னும் நுட்பமானது. தலைவன் கொடிய சுரவழியே சென்றிருக்கிறான். அதனால் தலைவிக்கு உண்டான துயரத்தில் பங்குகொள்ளாமல், அயன்மை தோன்ற இடித்துரைக்கிறது இந்த அழுங்கல் ஊர் என்று ஓதலாந்தையாரின் தலைவி கூறுகிறாள். ஆரவாரமுடைய ஊர் எனப் பொருள்கொள்வது பொருத்தமே. ஆயினும் இரக்கப்பொருளும் உடைய ஒரு சொல்லை, இரக்கமில்லாத ஊருக்கு அடையாக, இரக்கமின்மையைச் சொல்லும் தொடரை அடுத்தே புலவர் வைத்திருப்பது தற்செயலாகத் தோன்றவில்லை. இரண்டாம் பொருள் எதிர்மறையாக உள்ளே ஒலிக்கிறது. ‘ஆரவாரமுடைய ஊர்’ என்று உரை எழுதியதும் அவ்வொலி நின்றுவிடுகிறது. ஔவையார் பாடிய குறுந்தொகை 28இல் ஊர் உறங்குகிறது. தன் நோயை அறியாமல் உறங்கும் ஊரின்மேல் முட்டுவதா, தாக்குவதா, கூவுவதா என்று தலைவி தவிக்கிறாள். பேசினாலும் ஊர் துன்பம் தருகிறது, பேசாவிட்டாலும் தருகிறது.

சும்மை, கலி

சும்மையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அது சுமை என்பதன் விரித்தல் வடிவமாகவும் வழங்கியதால் ஒலிப்பொருள் பின்தள்ளப்பட்டது. ‘சும்மா’ என்னும் இன்றைய சொல்லை இதனோடு இணைத்துப் பார்க்கும் ஆசை எவருக்கும் எழும். ஒலி ஒப்புமை தவிர வேறு சான்று காட்டப்படாத வரை அதனை ஒதுக்குவதே முறை.

கலி அவ்வாறன்று. அது ஒலியோடு செழிப்பையும் செருக்கையும் மகிழ்ச்சியையும் குறிக்கும். பயிர் செழித்து வளர்வதும் கலித்தல். கலிப்பாவுக்குத் துள்ளலோசை உரியதாக யாப்பிலக்கணம் கூறுவதும் இப்பொருளோடு இயைகிறது. மதுரைக்காஞ்சியின் மருதநிலப் பகுதியில் கரும்பு ஆலையின் ஓசை, சேற்றில் சிக்கிய எருதுகளை மீட்கும் உழவரின் ஆர்ப்பு, அறுவடைப் பறை ஆகியவற்றை அடுத்துப் பரங்குன்றத்து விழாவைப் பாடுமிடத்தில் ‘கலிகொள் சும்மை’ என்னும் தொடர் உள்ளது. கலியும் அரவம், சும்மையும் அரவம் என்று மட்டும் கொண்டால் அத்தொடர் ஒலியைக் கொண்ட ஒலி என்றாகும். கலியின் செருக்குப்பொருளை ஏற்றால் விழாவின் களிப்பைக் கொண்ட ஒலி என்று தொடர் உயிர்பெறும். நான்கும் ஒருபொருளன அல்ல என்பதற்கு நூற்பாவின் இரு சொற்களும் அருகருகே நிற்கும் இவ்விடமே போதும்.

இத்தகைய கலியைப் பின்வந்த மற்றொரு கலி மறைத்தது. நளவெண்பாவின் மூன்று காண்டங்களுள் கலிதொடர் காண்டம், கலிநீங்கு காண்டம் என இரண்டு, நளனைப் பற்றிய கலிபுருடனால் பெயர் பெற்றவை. கலியுகத்தின் கலியும் அதுவே. ‘கலி முற்றிவிட்டது’ என்று இன்று எவரேனும் சொன்னால், விழா முதிர்ந்தது என்று பொருள்கொள்வார் இல்லை.

ஆளரவம்

நான்கு சொற்களும் தம் பொருளில் நீங்கியபின், அவற்றை விளக்கவந்த அரவம் தனியே எஞ்சியது. பேச்சிலும் உரைநடையிலும் அது பெரும்பாலும் ஓர் அடையோடு ‘ஆளரவம்’ என்றே வருகிறது. இரவில் படலைத் திறக்கும் ஓசையைக் கேட்ட நாய் ஆளரவம் கேட்டுக் குரைக்கிறது. கதைகளில் நள்ளிரவுத் தெரு ஆளரவமற்றுக் கிடக்கிறது. இயந்திர ஒலிக்கு இச்சொல் வருவதில்லை. பேருந்து நிலையத்தில் வண்டிகள் எவ்வளவு முழங்கினாலும் அங்கு ஆட்கள் இல்லையெனில் அதனை ஆளரவமற்ற நிலையம் என்றே எழுதுவர். ஒலியின் அளவை அன்று, மாந்தர் இருப்பதை ஒலியால் அறிவதையே சொல் குறிக்கிறது. பேசியவர் எவர், என்ன பேசினார் என்பது ஆளரவத்தில் தெரியாது. அங்கே யாரோ இருக்கின்றனர் என்பது மட்டும் தெரியும்.

நன்னூற் பட்டியலில் 21ஆவதாக இடம்பெற்று ஓசையின் மறுபெயராகிவிட்ட அரவம், எழுதப்படாத வழக்கில் தொல்காப்பியர் வைத்த இடத்திலேயே நின்றிருக்கிறது. வேறுபாடு ஒன்று உண்டு. மருதனாரின் அங்காடிகளில் கம்பலை இருந்ததைச் சொல்லவே அச்சொல் வந்தது. இன்றைய உரைநடையில் அரவம் பெரும்பாலும் ‘அற்ற’, ‘இல்லாத’ என்னும் சொற்களோடு சேர்ந்தே, அது இல்லாத இடத்தைச் சொல்வதற்கு வருகிறது.